பந்தம் ஆகாத கட்டு

(மகாவீர் ஜெயந்தி விழா உரை)



விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் வெண்ணிறத் தூள் ஒன்று எந்நாளும் புழங்குகிறது. ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 பாகை வெப்பத்தில் வறுத்தால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு நீங்கும். எஞ்சுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மீண்டும் நீர் சேர்த்தால் சில நிமிடங்களில் அது கல்லாக இறுகும். தொழிலாளர்கள் இதனால் அச்சுச் செய்து, களிமண் குழம்பை அதனுள் ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்ச, குழம்பு பொம்மையாக உருப்பெறுகிறது.

1851ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டுப் படை மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் இதே தூளைத் துணியில் தேய்த்து, நனைத்து, எலும்பு முறிந்த உறுப்பின்மேல் சுற்றிப் பயன்கண்டார். மாவுக்கட்டு அவ்வாறு பரவியது. இன்று மனிதருக்கு மட்டுமன்றிக் கன்றுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் அக்கட்டே துணையாகிறது. பொம்மைக்கு உருவம் தரும் பொருள், வாயில்லா உயிருக்கு நடையை மீட்டுத் தருகிறது.

ஆயினும், சமண இல்லறத்தாருக்கு இங்கே ஒரு வினா எழ வேண்டும். கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு மாசு சேர்ப்பனவாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. பந்தம், வதம், சேதம், மிகைப்பாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. அவற்றுள் முதலாவது பந்தம், அதாவது கட்டுதல். கட்டுதல் குற்றமாயின், காயமுற்ற உயிருக்குக் கட்டுவது எவ்வாறு அறமாகும்?

விடையைப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் வைத்துள்ளார். ஓர் உயிர் தான் விரும்பும் இடத்திற்குச் செல்ல ஒட்டாமல் தடுப்பதே பந்தம் என்பது அவர் விளக்கம். மருத்துவக் கட்டோ, அவ்வுயிர் மீண்டும் விரும்பிய இடத்திற்குச் செல்லும் பொருட்டு இடப்படுவது. நோக்கம் வேறு. ஆனால் நோக்கம் மட்டும் போதாது. கட்டியபின் கண்காணிப்பு இல்லையேல், கருணையால் இட்ட கட்டும் பந்தமாகவே முடியும். ஐந்து அதிசாரங்களையும் ஐந்து காவல்களாகக் கொண்டால் அத்தீங்கு நேராது.

முதலாவது பந்தம். தெருவில் இருசக்கர வண்டியில் அடிபட்ட நாய்க்குட்டிக்கு, இரக்கமுள்ள சிறுவன் குச்சியை வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறான். மறுநாள் பாதம் வீங்குகிறது. சில நாளில் கறுத்துவிடுகிறது. இரத்த ஓட்டம் நின்றுபோனதே காரணம். எலும்பு முறிவால் போயிராத கால், கட்டினால் போய்விடுகிறது. ஆகவே முதலில் பஞ்சு மெத்தை, அதன்மேல் தப்பை, அதன்மேல் சீரான துணிச்சுற்று என்பதே முறை. முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாதிருந்தால்தான் கட்டு பயன்தரும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அவை சில்லிட்டாலோ, வீங்கினாலோ, கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பறவைக்குச் சிறகை உடலோடு சேர்த்துக் கட்டும்போது மார்பை இறுக்கலாகாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் அதற்கு மூச்சு.

இரண்டாவது வதம். இது கொலையன்று, கோலாலும் சாட்டையாலும் வருத்துதல். வளைந்த காலை வீட்டிலேயே இழுத்து நிமிர்த்த முயல்வதும் வருத்துதலே. மருத்துவரிடம் சேரும்வரை மடித்த செய்தித்தாளைத் தப்பையாக வைத்து மெல்லக் கட்டுவதும், அட்டைப் பெட்டியில் கிடத்தி எடுத்துச் செல்வதும் போதும். கால் வளைந்திருந்தால் வளைந்தபடியே விட்டுவிட வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் தூய துணியால் மூடலாம், உள்ளே தள்ளலாகாது. மனிதருக்குரிய வலி மாத்திரையை இரக்கத்தால் கொடுப்பதும் தீங்கு. பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறிக்கும்.

மூன்றாவது சேதம். ஈரமான கட்டு தோலை அழுகச் செய்யும். மாவு இறுகும்போது வெப்பம் வெளிப்படும். அளவும் அடுக்கும் அறியாமல் அப்பினால் தோல் வெந்துபோகும். எனவே தொழிற்கூடத்துத் தூளைக் கொண்டுவந்து வீட்டில் கட்டுப் போடுதல் தகாது. முன்னங்கால் முழங்கைக்கு மேலும், பின்னங்கால் முழங்காலுக்கு மேலும் முறிந்தால் மாவுக்கட்டு பெரும்பாலும் உதவாது. மேல்மூட்டை அசையாமல் நிறுத்த இயலாமையே காரணம். அத்தகைய முறிவுக்குக் கம்பியோ தகடோ வைக்கும் அறுவை மருத்துவம் வேண்டும்.

நான்காவது மிகைப்பாரம். குட்டியின் எலும்பு சில வாரங்களில் கூடும். வளர்ந்த விலங்கிற்கு மாதக்கணக்கிலும் ஆகும். நொண்டல் நின்றதும் மாட்டை ஏரில் பூட்டுவது, கூடிய எலும்பை மீண்டும் முறிப்பதாகும். படுத்துவிட்ட பசுவுக்கோ அதன் உடலே பாரம். ஒரே பக்கமாகப் பல மணி நேரம் கிடந்தால் அடிக்காலின் தசையும் நரம்பும் நசுங்கும். சில மணிக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்துவதும், மருத்துவர் சொற்படி வயிற்றின்கீழ் அகன்ற துணி கொடுத்துத் தூக்கி நிறுத்துவதும் அப்பாரத்தை இறக்கும் அறச்செயல்கள்.

ஐந்தாவது உணவும் நீரும் தடுத்தல். இதனை எவரும் மனமறிந்து செய்வதில்லை; மறதியால் செய்கின்றனர். காலிற் கட்டுள்ள உயிர் நீர்த்தொட்டியைத் தேடிச் செல்லாது. தெருநாயாயின் மற்ற நாய்களோடு போட்டியிட்டு உண்ணவும் இயலாது. கட்டுப் போட்டவரே நீரும் உணவும் அதன் வாயருகே கொண்டுசெல்லக் கடமைப்பட்டவர்.

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்து 11ஆம் பிரிவும் அடித்தல், மிகைப்பாரம் ஏற்றல், உறுப்பைச் சிதைத்தல், குறுகிய சங்கிலியில் கட்டிவைத்தல், உணவும் நீரும் தராமை ஆகியவற்றைக் குற்றங்களாக வகுத்துள்ளது. நாடு சட்டமாக இயற்றியதை, இல்லறத்தார் பல நூற்றாண்டுகளாக விரதமாக ஏற்று வந்துள்ளனர்.

விரதம் நிறுவனமாகவும் வளர்ந்தது. தில்லி செங்கோட்டைக்கு எதிரிலுள்ள திகம்பர சமணர் செங்கோயில் வளாகத்தில், 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பறவை மருத்துவமனை இன்றும் கட்டணமின்றி இயங்குகிறது. பட்டத்து மாஞ்சா நூலால் சிறகு அறுபட்டவையும், மின்விசிறியில் அடிபட்டவையும் அங்கே கட்டுப்பெறுகின்றன. நலமடைந்தவை கூண்டில் நிறுத்தப்படுவதில்லை, வானில் விடப்படுகின்றன. கட்டு அவிழும் நாளே அக்கட்டு நிறைவுபெறும் நாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சீவக சிந்தாமணியில் அடிபட்டு உயிர்விடும் நாய்க்குச் சீவகன் ஐம்பத மந்திரத்தைச் செவியில் ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னாளில் அவனுக்கே துணைநிற்கிறது. உயிர் காக்க இயலாத நிலையில், தன்னால் தரக்கூடியதைத் தந்தவன் சீவகன். இன்று காக்க இயலும் நிலை பெரிதும் உள்ளது. தமிழ்நாட்டில் 1962 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம். மந்திரம் ஓதும் நாவோடு, அழைக்கும் கையும் காத்திருக்கும் பொறுமையும் சேர வேண்டும்.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு பெட்டியைச் சித்தம் செய்து வைக்கலாம். பஞ்சு, தூய துணிச்சுருள், இரண்டு மூங்கில் தப்பைகள், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். ஐந்து அதிசாரங்களையும் ஒரு தாளில் எழுதி அப்பெட்டியின் மூடியில் ஒட்டிவைக்கலாம். பிள்ளைகள் அதனைப் படித்துக் கட்டுவார்களாயின், அக்கட்டு ஒருபோதும் பந்தம் ஆகாது.

அறம் வளர்க! உயிர்கள் யாவும் நலம் பெறுக!