கண்ணாடி ஓரத்துப் புட்டி

பழைய மரச் சன்னலில் உடைந்த கண்ணாடியை மாற்றி, சுற்றிலும் புட்டியும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பாதிதான் முடிந்திருக்கிறது.

இந்தப் புட்டி, சாக் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து செய்வது. வெறும் மரத்தின் மேல் அப்பினால் அந்த எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் போன புட்டி வறண்டு, வெடித்து, சில்லுச் சில்லாக உதிரும். அதனால் கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்கு முதலில் ஒரு கை பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அதற்கு நாள் பிடிக்கும். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் மேலே தோல் கட்டும். மழைக்காலமென்றால் இன்னும் தாமதமாகும். அதன் பிறகே புட்டியின் மேல் பெயின்ட் அடிக்க வேண்டும்; விரலால் மெதுவாகத் தொட்டால் பள்ளம் விழக்கூடாது. அவசரப்பட்டு அடித்தால் பெயின்ட் சுருங்கிப்போகும். அதற்காக மாதக்கணக்கில் வெறுமனே விட்டுவைப்பதும் தவறு.

பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியின் மேலும் 2 மில்லிமீட்டர் அளவு ஏறட்டும். பார்வைக்குப் பிசிறாகத் தோன்றும் அந்த மெல்லிய கோடுதான் புட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மழைநீர் இறங்காமல் தடுக்கிறது. தயவுசெய்து அதை பிளேடால் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.