கண் சிமிட்டும் குழந்தைகள்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கல்வி நிதியைப் பற்றியும் கலியாணச் செலவைப் பற்றியும் இச்சபையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினும் சிறியதுபோலத் தோன்றும். ஐந்தாறு வயதுக் குழந்தையொன்று ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறது, மூக்கைச் சுளிக்கிறது, தோளைக் குலுக்குகிறது, அல்லது சளியேதும் இல்லாதிருக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறது. இதற்கு ஒரு பிரசங்கமா என்று சிலர் நினைக்கக்கூடும். இதன் பொருட்டு அடி வாங்கும் குழந்தைகளையும், புக்ககத்தில் ஏச்சுக் கேட்கும் தாய்மார்களையும் அறிந்தவர்கள் அவ்வாறு நினையார்.

இவ்வசைவுகளை மேனாட்டு வைத்தியர்கள் 'டிக்' என்று வழங்குகின்றனர். நாமோ 'சேஷ்டை' என்று சொல்லிவிடுகிறோம். வேண்டுமென்றே செய்வது என்ற குற்றச்சாட்டு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறதன்றோ? 'வலிப்பு' என்றாலோ கேட்பவர் வேறொரு நோயை எண்ணி அஞ்சுவர். ஆகையால், அயற்சொல்லாயினும், 'டிக்' என்பதையே இங்கு வைத்துக்கொள்வோம்.

இது அரிதான விஷயமன்று. பெரும்பாலும் நான்கு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் தொடங்கும். பெண்களைக் காட்டிலும் ஆண் குழந்தைகளிடம் அதிகம். கண் சிமிட்டலே பெரும்பாலும் முதலில் வரும். சில வாரம் இருந்து மறையும். பிறகு மூக்குறிஞ்சலாகவோ கழுத்தை வெட்டுவதாகவோ வேறு உருக்கொண்டு திரும்பும். பல குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் அடியோடு நின்றுவிடுகிறது. அசைவுகள் பலவும், அவற்றோடு குரலொலி ஒன்றேனும் சேர்ந்து, ஓராண்டுக்கு மேலும் தொடருமானால் அதற்கு 'டூரெட்' என்று பெயர். 1885ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி விவரித்தெழுதிய ஜில் த லா டூரெட் என்னும் வைத்தியரின் பெயரே அது. அவ்வகையிலும் பத்து, பன்னிரண்டு வயதில் உச்சநிலையை அடைந்து, பிறகு வாலிபப் பருவத்தில் பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடுவதே வழக்கம்.

இதன் காரணத்தைப் பற்றிப் படித்தவர்களும் ஒரு காலத்தில் தவறாகவே எண்ணினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இது மனத்துக்குள் அடக்கப்பட்ட ஏதோவொன்றின் வெளிப்பாடு என்று மனோதத்துவ வைத்தியர் பலர் கூறினர்; பழி பெற்றோர்மீது விழுந்தது. 1960களில் அமெரிக்காவில் ஷாப்பிரோ தம்பதிகள் ஹாலோபெரிடால் என்னும் மருந்தினால் இவ்வசைவுகள் குறைவதைக் கண்டு எழுதிய பிறகே அவ்வெண்ணம் மாறத் தலைப்பட்டது. அசைவுகளை நடத்தும் மூளைப்பகுதிகளுக்கிடையே உள்ள தொடர்பில் நேரும் மாறுபாடு இது என்பதும், பெரும்பாலும் வமிச வழியாக வருவது என்பதும் இன்று தெளிந்த விஷயங்கள். தாய் செல்லங்கொடுத்ததாலோ தந்தை கண்டிக்காததாலோ இது உண்டாவதில்லை.

வமிச வழி என்றவுடன், "உங்கள் பக்கமா, எங்கள் பக்கமா?" என்ற கேள்வி எழும். நம் குடும்பங்களில் அக்கேள்விக்குப் பின்னால் பெண் கொடுப்பது, பெண் எடுப்பது என்ற கவலையெல்லாம் நிற்கிறது. அதனாலேயே வீட்டார் மறைக்கிறார்கள். விசேஷங்களுக்குக் குழந்தையை அழைத்துப்போகாமல் பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள். தன்னை ஏன் விட்டுச் சென்றார்கள் என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து ஆகப்போவதும் ஒன்றில்லை.

இனி, பெரியவர்களைப் பெரிதும் மயங்கச் செய்யும் ஒன்றைச் சொல்லவேண்டும். குழந்தை இவ்வசைவைச் சிறிது நேரம் அடக்கிக்கொள்ளக்கூடும். "பார்த்தாயா, அதட்டினால் நிறுத்துகிறான், ஆகவே வேண்டுமென்றுதான் செய்கிறான்" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் நாமும் கொஞ்ச நேரம் இருக்கலாம். அதனால் அரிப்பு பொய்யாகிவிடுமோ? அசைவுக்கு முன்னே அப்படியொரு நமைச்சல் போன்ற உணர்ச்சி எழுவதையும், அசைத்தபின் அது தணிவதையும் சற்று வளர்ந்த பிள்ளைகள் தாமே சொல்கிறார்கள். சிறு குழந்தைகளோ தாம் கண் சிமிட்டுவதையே பெரும்பாலும் அறியமாட்டா. பள்ளியில் நாள் முழுதும் அடக்கிவைத்திருந்த பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும் அடுக்கடுக்காகச் செய்வதும் உண்டு. "வாத்தியாரிடம் ஒழுங்காய் இருக்கிறவன் உன்னிடம் மட்டும் ஏன் இப்படி?" என்று தாயைக் கேட்பது அநியாயம். தன் வீடு என்ற தைரியத்தினால் அவன் கட்டை அவிழ்த்துவிடுகிறான், அவ்வளவே.

களைப்பு, கவலை, காய்ச்சல், திருவிழாவுக்கு முந்தின நாளின் குதூகலம் இவையெல்லாம் டிக்கை மிகுவிக்கும். விளையாட்டிலோ பாட்டிலோ மனம் ஒன்றியிருக்கையில் அது பெரும்பாலும் குறையும். இவை எல்லாவற்றிலும் கவனத்தை அதன்மேல் திருப்புவதே அதிகக் கெடுதி. கலியாண வீட்டில் என்ன நடக்கிறது? பெரியப்பா, "ஏண்டா கண்ணைக் கொட்டுகிறாய்?" என்கிறார். அத்தை, "எங்கே, இன்னொரு தரம் செய்து காட்டு" என்று சிரிக்கிறாள். பந்தியில் உட்காருவதற்குள் பத்துப்பேர் கேட்டுவிடுகிறார்கள். இரவு வீடு திரும்பும்போது சிமிட்டல் இருமடங்காயிருக்கும். அந்தப் பெரியப்பாவும் அத்தையும் இச்சபையில் இருக்கக்கூடுமாதலால்தான் இதை இங்கே சொல்லுகிறோம்.

வீட்டில் செய்யவேண்டுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றும் செய்யாதிருப்பது எளிதன்று. "நிறுத்து" என்னலாகாது, முறைத்துப் பார்க்கலாகாது, இன்று எத்தனை தரம் என்று எண்ணலாகாது, நிறுத்தினால் மிட்டாய் என்று ஆசைகாட்டவும் வேண்டாம். குழந்தை பேச வந்ததைப் பேசவிட்டு, பேச்சுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். நேரத்துக்குத் தூக்கம் வேண்டும். அதுவே கேட்குமாயின், "உன் உடம்பு தானாக அப்படிச் செய்கிறது; உன் தப்பில்லை" என்று சொல்வது போதும். இதில் தாத்தா, பாட்டி, சித்தப்பா அனைவரும் ஒருமித்திருக்க வேண்டும். ஒன்பது பேர் பேசாதிருந்து பத்தாமவர் அதட்டினால், குழந்தையின் மனத்தில் நிற்பது அந்த அதட்டலே. திருஷ்டி கழிப்பவர்கள் கழித்துக்கொள்ளட்டும்; அதில் தீங்கில்லை. மிளகாய்ப் புகை காட்டுவதும் சூடு போடுவதும் கொடுமை. அவற்றை எந்தப் பெரியவர் சொன்னாலும் மறுத்துவிடவேண்டும்.

வைத்தியரிடம் எப்போது செல்வது? கண் சிவந்து அரித்தால் அது ஒவ்வாமையாயிருக்கலாம். அழைத்தால் செவிகொடாமல் சில விநாடி வெறித்து நின்றால், அது வலிப்பு நோயின் ஒரு வகையாயிருக்கலாம். தொண்டை வலி வந்து போன பின்னர், திடீரென்று கைகால்கள் நெளிந்து ஆடி, பாத்திரம் கைநழுவி விழுமானால் தாமதிக்கவே கூடாது. அது இருதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சலின் அறிகுறியாகலாம். கழுத்தை வெட்டி வெட்டி வலி கண்டாலும், படிப்பு கெட்டாலும், பள்ளிக்குப் போகவே குழந்தை அஞ்சினாலும் காட்ட வேண்டும். வைத்தியர் முன்னிலையில் டிக் ஒளிந்துகொள்ளும் என்பதால், குழந்தை அறியாமல் கைப்பேசியில் சிறிது படம் எடுத்துச் செல்வது நலம். ஓரிடத்தில் நில்லாத துறுதுறுப்பு, கவனக்குறைவு, கையை ஓயாமல் கழுவுவது போன்றவை உடனிருந்தால் அவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பல பிள்ளைகளுக்கு டிக்கைவிட அவையே பெரிய பாரம்.

அநேகருக்கு மருந்து வேண்டுவதில்லை. நமைச்சல் எழும்போது அதற்கு எதிரான வேறோர் அசைவைச் செய்யப் பழக்கும் முறையொன்றை 1973இல் அஸ்ரின், நன் என்னும் இருவர் வெளியிட்டனர். அதை வளர்த்து, ஒன்பது முதல் பதினேழு வயது வரையுள்ள 126 பேரிடம் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நன்கு தேறினர். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் அவ்வாறு தேறியவர் ஐந்தில் ஒரு பங்கினரும் இல்லை. பயிற்சி பெற்றவர் உதவியின்றி இதை நாமே வீட்டில் தொடங்கினால், அது "நிறுத்து" என்பதன் மறுபெயராகிவிடும். மருந்துகள் உண்டு, பயன் தருவனவும் உண்டு. ஆனால் சில தூக்கத்தையும் சில உடற்பருமனையும் தருமாதலால், தேவையையும் அளவையும் வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. ஆயினும் சட்டத்தைக் காட்டிச் சண்டையிடுவதற்கு முன், ஆசிரியரை நேரில் கண்டு விஷயத்தைச் சொல்வது மேல். பெரும்பாலோர் அறியாமையால்தான் அதட்டுகிறார்கள். அடக்கமாட்டாத வேளையில் தண்ணீர் குடித்து வருவதற்கு அனுமதி கேளுங்கள்; பிற பிள்ளைகள் செய்துகாட்டிக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தைக்கும் ஒரு பதிலைக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். பக்கத்துப் பையன் "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டால், "எனக்கு இது தும்மல்போலத் தானாக வரும், உனக்கு ஒட்டிக்கொள்ளாது" என்று அது சொல்லிவிட்டு விளையாடப் போகலாம்.