மாநாட்டுக்குப் போய் வாருங்கள்



கேமரன் மலையின் ரிங்லெட்டிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் படம் எடுக்கும் ஆசையோடு இருக்கும் பிள்ளைகளிடமும், அவர்களைப் பெற்றவர்களிடமும் இன்று பேச வந்திருக்கிறேன். கைப்பேசியிலேயே குறும்படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள் இந்தப் பிள்ளைகள். கோயில் திருவிழா வந்தால் இரண்டே வாரத்தில் ஒரு நாடகத்தைத் தயார் செய்துவிடுகிறார்கள். கதைக்கும் பஞ்சமில்லை. போ தோட்டம் 1929-இல் தொடங்கியது, பாரத் தோட்டம் 1933-இல். காட்டைத் திருத்திச் செடி நட்டவர்களின் கதை, லயத்து வீடுகளின் கதை, தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனவர்களின் கதை என்று எத்தனையோ சொல்லப்படாமலே கிடக்கின்றன.

ஆனால் அந்தக் கதையைக் கேட்டுப் பணம் போடுகிறவரும், அதைத் திரையிடுகிறவரும், வாங்கி ஒளிபரப்புகிறவரும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். தாப்பாவிலிருந்து மலைப்பாதை ஏறி அவர்கள் நம்மைத் தேடி வரப்போவதில்லை. நாம்தான் அவர்கள் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். திரைப்படம், தொலைக்காட்சி, வானொலித் துறையினர் ஆண்டுதோறும் கூடும் வட்டார மாநாடுகளும் சந்தைகளும்தான் அந்த இடம்.

மாநாடு என்றதும் நமக்கு மாலையும் பொன்னாடையும் நீண்ட வரவேற்புரையும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பகுதியைத் தவறவிட்டாலும் நட்டமில்லை. உண்மையான வேலை நடப்பது வேறிடத்தில். அதற்கு ஒரு தமிழ்ப் படத்தையே சாட்சியாகச் சொல்கிறேன்.

மதுரைப் பக்கத்துப் பிள்ளை பி.எஸ். வினோத்ராஜ். சென்னையில் குறுந்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர், பிறகு நாடகக் குழுவில் இருந்தவர். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தம் சகோதரி கைக்குழந்தையோடு நடந்தே ஊர் வந்து சேர்ந்த துயரத்திலிருந்து ஒரு கதை எழுதினார். அதுதான் 'கூழாங்கல்'. கையில் இருந்த பணத்தோடு படத்தைத் தொடங்கி, கோவாவில் நடக்கும் ஃபிலிம் பஜாருக்கு அதை எடுத்துச் சென்றார். இயக்குநர் ராமின் கண்ணில் அது பட்டது. அவர் வழியாக விக்னேஷ் சிவன், நயன்தாரா ஆகியோரின் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே. படத்தின் தரம் வினோத்ராஜுடையது, அதில் எந்த மாநாட்டுக்கும் பங்கில்லை. ஆனால் சரியான ஒருவர் அதைப் பார்க்கும்படி ஆனதே, அதற்குத்தான் அந்தச் சந்தை வேண்டியிருந்தது.

இந்தியத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007-இல் தொடங்கிய சந்தைதான் ஃபிலிம் பஜார். ஒவ்வொரு நவம்பரிலும் கோவா திரைப்பட விழாவை ஒட்டி நடக்கிறது. இப்போது அதன் பெயர் வேவ்ஸ் ஃபிலிம் பஜார். உலகம் சுற்றிய 'தி லஞ்ச்பாக்ஸ்' படமும் இந்த வாசல் வழியாக வந்ததுதான். அங்கே பார்வை அறை என்று ஒன்று உண்டு. வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர். விழாக்களுக்குப் படம் தேர்வு செய்கிறவரோ, உரிமை வாங்க வந்தவரோ, பட்டியலைப் பார்த்துத் தமக்குப் பிடித்த படத்தைத் தாமே தட்டிப் பார்க்கிறார். முதல் சில நிமிடங்களில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பிடித்துவிட்டால் எடுத்தவர் யார் என்று தேடுவார். அந்த நேரத்தில் எடுத்தவர் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மலைமேல் காத்திருப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது மிகப் பெரிய வேறுபாடு.

கோவா தூரம் என்பீர்கள். சிங்கப்பூரில் ஒவ்வொரு டிசம்பரிலும் ஆசியத் தொலைக்காட்சிச் சந்தை கூடுகிறது. இன்னும் பக்கத்தில் பார்த்தால், ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் தலைமையகமே கோலாலம்பூரில்தான் இருக்கிறது. ஆசிய பசிபிக் ஒலிபரப்பு மேம்பாட்டுக் கழகமும் அங்கேதான். அந்தக் கழகம் நடத்தும் ஆசிய ஊடக உச்சநிலை மாநாடு 2004-இல் கோலாலம்பூரில்தான் தொடங்கியது. வட்டாரமே கூடும் ஊர் நமக்குப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. அங்கே தமிழ் முகங்கள் இன்னும் நிறையத் தென்பட வேண்டும் என்பது என் ஆசை.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் வாழ்வைச் சொன்ன மலேசியத் தமிழ்ப் படம். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்களுக்கென ஒதுக்கிய தனிப் பிரிவில் அதை வைத்தார்கள். திரைத்துறைக்குள்ளிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. மலாய்க் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். மொழி பார்க்காத ஒரு பிரிவு வந்தது, சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்கே கிடைத்தது. துறைக்குள் நம்மை அறிந்தவர்கள் இருந்தால்தான் நமக்காகப் பேசுவார்கள். அந்த அறிமுகம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் வராது.

போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. கதையை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இரண்டு நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல் முன்கூட்டியே கிடைத்தால் பார்க்க வேண்டியவர்களைக் குறித்துவைத்து, நேரம் கேட்டு எழுதுங்கள். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வெறும் யோசனையைக் காப்பதில்லை, எழுதி வைத்த வடிவத்தைத்தான் காக்கிறது. ஆகவே முதலில் எழுதுங்கள், தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வெளியில் சொல்லுங்கள். ஒப்பந்தம், உரிமை பற்றிய அமர்வு இருந்தால் வேறு எதை விட்டாலும் அதை விடாதீர்கள். நட்சத்திரங்களோடு படம் எடுத்துக்கொள்வதைவிட அந்த ஒரு மணி நேரம் பத்து ஆண்டுக்கு உதவும்.

செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. பதிவுக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு. தோட்டத்துச் சம்பளத்தில் அது பெரிய தொகைதான். ஆனால் இந்த மலையின் தேயிலைப் பணத்துக்கும் கலைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. நாட்டின் நாடக, நடன, இசைக் கலைஞர்களுக்கு வழங்கப்படும் விருதின் பெயரே போ கேமரோனியன் கலை விருது. 2002-இல் பிறந்தது. மலையின் பெயரால் கோலாலம்பூரில் கலைஞர்கள் கௌரவிக்கப்படுகிறார்கள். அந்த மேடையில் இந்த மலையில் பிறந்த பிள்ளைகளும் ஏற வேண்டாமா?

கோயில் நிர்வாகங்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, இளைஞர் மன்றத்தாரே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். திருவிழாவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து, ஆண்டுக்கு ஒரு பிள்ளையை, முடிந்தால் ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பெண்பிள்ளையையும், இப்படி ஒரு மாநாட்டுக்கு அனுப்பி வையுங்கள். திரும்பி வந்ததும் மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி, யாரைப் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்த பிள்ளை அங்கிருந்து தொடங்கட்டும்.