நெடுநேரம் விறைக்கச் செய்யும் மருந்து



பல் பிடுங்குவதற்காக முரசிலே ஊசி ஏற்றிக்கொண்டவர்கள், தம் உதடு பிறருடையது போலத் தடித்துக் கிடந்ததை மறந்திருக்கமாட்டார்கள். அந்த விறைப்பு சில மணி நேரத்தில் அகன்றுவிடும். ஆனால், தோள்மூட்டிலே பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கு அஃது போதாது. அவருடைய நோவு அன்றிரவுதான் உச்சத்தை அடைகின்றது. அவ்விரவைக் கடக்க உதவும் மருந்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

வியன்னா நகரில் கண் வைத்தியம் பயின்றுவந்த கார்ல் கொல்லர், 1884ஆம் ஆண்டிலே கொக்கேயின் கரைசலைக் கண்ணில் இட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே நோவின்றிக் கண்ணிற் கத்தி வைக்கலாம் என்று காட்டினார். 1943இல் சுவீடன் நாட்டில் லிக்னோக்கேயின் தோன்றியது. 1957இல் அதே நாட்டிலே உருவாக்கப்பட்டது பியூபிவக்கேயின். கைக்குச் செல்லும் பெரிய நரம்புக்கற்றையைச் சூழ இதனைச் செலுத்தினால், விறைப்பு பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிலைப்பதுண்டு.

இம்மருந்தின் குணமும் குற்றமும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நரம்பின் சுவரிலே சோடியம் உட்புகுவதற்கான நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றை அடைத்துவிட்டால் நோவுச் செய்தி மூளைக்குச் செல்லாது. இதயத்திலும் அத்தகைய வாயில்கள் உண்டு. லிக்னோக்கேயின் தவறி இரத்தத்திற் கலந்தாலும், இதய வாயிலிற் புகுந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். பியூபிவக்கேயினோ விரைந்து புகும், மெல்லவே வெளியேறும். அடுத்த துடிப்பு வருமுன் வாயில் திறவாது போகவே, இதயம் தடுமாறுகின்றது. 1979இல் அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் அல்பிரைட், இத்தகைய மருந்துகளால் இதயம் நின்றுபோதலையும் அதனை மீட்பதன் கடினத்தையும் எடுத்துரைத்து எச்சரித்தார். அதன்பின் அந்நாட்டிலே பிரசவ வேளையில் 0.75 சதவீதக் கரைசலைப் பயன்படுத்துதல் தவிர்க்கப்பட்டது. இதயத்துக்குக் கேடு குறைந்த ரோப்பிவக்கேயின் போன்றவை பிற்காலத்தில் வந்தன. குறைந்த கேடு என்றேனே தவிர, கேடில்லை என்று கூறவில்லை.

அளவு இங்கே உயிர்நாடி. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது பலரும் கைக்கொள்ளும் எல்லை. அறுபது கிலோ நிறையுள்ளவருக்கு அது 120 மில்லிகிராம், 0.5 சதவீதக் கரைசலில் 24 மில்லிலீற்றர். முதியவர்க்கும் மெலிந்தவர்க்கும் இன்னும் குறைக்கவேண்டும். சிசேரியன் சிகிச்சைக்காக முதுகந்தண்டில் ஏற்றப்படுவது இரண்டு மூன்று மில்லிலீற்றரேயாகையால், அவ்வூசி பெற்ற தாய்மார் இந்த நச்சுத்தன்மையை எண்ணி அஞ்சவேண்டுவதில்லை.

எல்லைக்குட்பட்ட அளவும் நேரே இரத்தக்குழாயிற் சென்றால் ஆபத்தே. ஆதலின் வைத்தியர் ஊசியைப் பின்னிழுத்து இரத்தம் வருகின்றதா என்று பார்த்து, சிறிது சிறிதாக, நிறுத்தி நிறுத்திச் செலுத்துவார். இக்காலத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியின் திரையிலே ஊசிமுனையையும் கண்டுகொள்ளலாம். எனினும், கண்விழித்திருக்கும் நோயாளியின் வாய்ச்சொல்லும் ஒரு கருவிதான். உதட்டைச் சுற்றி மரத்தல், நாவிலே உலோகச் சுவை, காதிரைச்சல், தலைச்சுற்று ஆகியவற்றுள் எது தோன்றினும் அக்கணமே சொல்லிவிடுங்கள். ‘வைத்தியரை ஏன் இடைமறிப்பான்?’ என்று வாளாவிருக்கும் மரியாதை இவ்விடத்துக்கு உரியதன்று; அடுத்து வருவது வலிப்பாக இருக்கலாம்.

அவ்வாறு நேர்ந்தால் செய்வது என்ன? மூச்சுக்கும் இதயத்துக்கும் உரிய அவசர சிகிச்சையோடு, வாயால் உண்ண இயலாதோர்க்கு நாளத்தின் வழியே ஊட்டப்படும் பால் போன்ற கொழுப்புக் கரைசலையும் செலுத்துவர். கொழுப்பு இம்மருந்தின் நஞ்சை மிகுவிக்கும் என்றே கை வைன்பேர்க் என்னும் அமெரிக்க வைத்தியர் எதிர்பார்த்தார். எலிகளிலே சோதித்தபோது நேர்மாறாக, அவை கூடுதலான மருந்தைத் தாங்கின. 1998இல் இதனை வெளியிட்டார். வழக்கமான முயற்சிகளுக்கு இணங்காத மனித இதயமொன்று இக்கரைசலால் மீண்ட செய்தி 2006இல் வெளிவந்தது. இன்று 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், விறைப்பூசி ஏற்றும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கவேண்டும் என்பது வழிகாட்டி நெறி.

வீடு திரும்புவோர்க்கும் ஒரு சொல். விறைத்த கை சூட்டை அறியாது. அக்கையிலே தேநீர்க் கோப்பையை ஏந்தாதீர்கள். விறைத்த காலை நம்பித் தனியே எழுந்து நடவாதீர்கள். விறைப்பு பெரும்பாலும் நள்ளிரவில், திடீரென அகலும். வைத்தியர் தந்த நோவு மாத்திரையை, நோவு தொடங்கிய பின்னரன்று, விரலிலே முதற் கூச்சம் தோன்றும்போதே விழுங்கிவிடுங்கள்.