ஊசி பிடித்த விரல்கள்



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத்துறைக்குப் போனவர்கள் சார்பில் பேசுகிறோம். நுவரெலியாக் குளிரில் விரல் விறைக்க விறைக்கப் பூத்தையல் பழகினோமே, நினைவிருக்கிறதா? பழந்துணியில் சரிவரும்வரை ரீச்சர் புதுத்துணி தரமாட்டார். 'இதெல்லாம் எதற்கு?' என்று முணுமுணுத்தோம். பிரான்சின் லியோன் நகரில் அலெக்சிஸ் கரெல் என்ற இளம் வைத்தியர், குருதிக்குழாய் தைப்பதற்காக ஒரு பூத்தையற்காரப் பெண்ணிடமே பாடம் கேட்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தொழிற்சாலை இயந்திரத்தில் விரல் போன கதை லயங்களில் யாருக்குத் தெரியாது? அறுந்த விரலையும் பொருத்தலாம். 1965இல் யப்பானில் கொமட்சுவும் தமாயும் அறுந்துபோன பெருவிரலொன்றைப் பொருத்தினார்கள். விரலின் நாடி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். நூல் தலைமயிரைவிட மெல்லியது.

நுணுக்குக்காட்டியின் கீழ் இதைப் பழகுபவர் இறப்பர்த் துண்டில் தொடங்கி, கடையில் வாங்கிய கோழிக்காலுக்குப் போவார். அடுத்தது மயக்கிய எலியின் தொடை நாடி. அதுவும் ஏறத்தாழ அதே பருமன். கோழிக்காலில் குருதி ஓடாது. தையல் பிழைத்தால் குருதி உறைந்து அடைப்பதை எலியில்தான் பார்க்கலாம்.

எலி பாவம்தான். அதனால், கோழிக்காலில் கை திருந்தாதவரை எலிக்கூட்டைத் திறக்கவே விடக்கூடாது என்பது எங்கள் பிடிவாதம்.