ஆவியாகும் உலோகம்

அனலைதீவுத் தோட்டங்களிலே புகையிலை ஒரு முக்கிய பயிர். யாழ்ப்பாணத்து முறைப்படி, வெட்டிய இலையைக் குடிலிலே தூக்கி, பொச்சுமட்டையைச் சுவாலைவிட்டு எரியவிடாது புகையவிட்டுப் பதப்படுத்துவர். காற்றோட்டம் குறைந்த இடத்தில் இவ்வாறு கனலும் நெருப்பிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு எழுகின்றது. நிறமற்றது, மணமற்றது. குருதியிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடமில்லாமற் செய்துவிடும். குடிலைத் திறந்த மாத்திரத்தே உள்ளே நுழையாது சற்றுப் பொறுப்பது நல்லது.

உலோகத்தைப் பற்றும் இவ்வியல்பு குருதியோடு நின்றுவிடுவதன்று. இங்கிலாந்தில் லுட்விக் மொண்ட் என்பவரின் சோடாத் தொழிற்சாலையில் நிக்கலாற் செய்த வால்வுகள் காரணமின்றி அரிக்கப்பட்டன. அதை ஆராயப் புகுந்த மொண்டும் அவருடைய துணைவர்களும் 1890இல் வியப்புக்குரிய செய்தியொன்றை வெளியிட்டனர். நுண்ணிய நிக்கல் தூளின்மேல் இளஞ்சூட்டிலே காபனோரொட்சைட்டைச் செலுத்தினால், உருக்குதற்கே பெருவெப்பம் வேண்டிய அவ்வுலோகம் ஆவியாய்ப் பறந்துவிடுகின்றது! குளிர்வித்தால் நிறமற்ற திரவம். மேலும் சூடாக்கினால் வாயு பிரிந்துபோக, தூய நிக்கல் படிகின்றது. இதுவே நிக்கல் காபனைல். நிக்கலைத் தூய்மையாக்க இதனினும் எளிய வழி கிடைக்குமா? வேல்ஸ் நாட்டிலே கிளைடாக் என்னுமிடத்தில் 1902இல் இதற்கென ஆலை எழுந்தது. தொடக்க ஆண்டுகளிலேயே தொழிலாளர் சிலர் நச்சாவியால் மாண்டனர்.

இத்திரவம் 43 பாகை செல்சியசிலே கொதிக்கும். அனலைதீவின் நண்பகல் வெயிலிற் காயும் மணலே அச்சூட்டைத் தாண்டிவிடும். அதன் ஆவி காற்றிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு பாரமானது, தாழ்ந்த இடங்களிலே தேங்கும், எளிதில் தீப்பற்றும்.

ஆயினும் கொடுமை வேறிடத்தில் உள்ளது. சுவாசித்தவருக்குத் தலையிடி, மயக்கம், குமட்டல் ஆகியன தோன்றும். தூய காற்றுக்கு வந்ததும் அவை தணிந்துவிடும். "சுகமாகிவிட்டது" என்று அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அரைநாளோ, ஒன்றிரண்டு நாளோ கழிந்தபின் நெஞ்சு இறுகி, இருமலெழுந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆதலால் நலமாயிருப்பவர்போல் தோன்றுபவரையும் மருத்துவர் விடுவதில்லை. சிறுநீரிலுள்ள நிக்கலை அளந்து, நாட்கணக்கிற் கண்காணிக்கின்றனர்.

புகையிலையிலும் சிறிதளவு நிக்கல் உண்டு. சிகரெட்டுப் புகையிலே காபனோரொட்சைட்டும் உண்டு. இவ்விரண்டும் கூடி அந்நஞ்சு உருவாகுமோ என்ற ஐயத்தை அமெரிக்க மருத்துவர் சண்டர்மன் 1961இல் எழுப்பினார். புகையிலே நிக்கல் இருப்பது உறுதி. காபனைல் இருப்பதோ ஐயமற நிறுவப்படவில்லை.