கப்பல் ஏறுமுன் கை நீட்டியவர்கள்

தடுப்பூசிச் சான்று இல்லாதவரைக் கப்பலில் ஏற்றுவதில்லை என்று ஒரு நிறுவனம் அறிவித்தால் பயணிகள் அதை ஏற்பார்களா என்னும் கேள்வி, கொரோனாப் பெருந்தொற்றின் ஆண்டுகளில் பல நாடுகளில் எழுந்தது; ஆயினும், கடல் கடந்து பிழைக்கச் சென்ற பல தலைமுறைகளைக் கொண்ட தமிழகத்துக்கு அது புதிய கேள்வி அன்று. கடற்கரையே இல்லாத கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டையில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்போருக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால், தடுப்பூசி போட்டுக்கொள்வதா என்னும் முடிவு உண்மையில் எடுக்கப்பட வேண்டிய இடம் துறைமுகம் அன்று, பயணி புறப்படும் ஊரே என்பதால், இக்கேள்வி உள்நாட்டு ஊர்களுக்கே முதலில் உரியதாகிறது.

சுற்றுலாக் கப்பலில் நோய் ஏன் இவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. சில ஆயிரம் பேர் பல நாட்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குகிறார்கள், அவர்களில் பலர் முதியவர்கள், கப்பலில் உள்ள மருத்துவ வசதியோ மிகச் சிறிது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த சுமார் 3,700 பேரில் 700க்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாயினர். அதன் பின்னர் தொடங்கிய பயணங்களில் தடுப்பூசிச் சான்று கேட்கப்பட்டபோது, பெரும்பாலான பயணிகள் அதைத் தடையாகக் கருதாமல் காப்பாகவே கருதினர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சான்று கேட்பதையே சட்டத்தால் தடுத்த நிலையில், நார்வீஜியன் என்னும் கப்பல் நிறுவனம் சான்று கேட்கும் உரிமை வேண்டி நீதிமன்றம் சென்று 2021 ஆகஸ்டில் இடைக்கால ஆணையும் பெற்றது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்த ஆணை விலக்கப்பட்டது. இந்தியாவில் கார்டீலியா கப்பலும் சான்று கேட்டது. எனினும், 2022 சனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற அக்கப்பலில் 66 பேருக்குத் தொற்று உறுதியானது, நோயின் கடுமையைத் தணிக்கும் ஊசி எல்லா நோய்களிலும் பரவலை முற்றாகத் தடுத்துவிடாது என்பதை உணர்த்திற்று. 

இவையெல்லாம் விடுமுறைப் பயணங்கள். வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடக் கூடியவர்களின் பயணங்கள். அவ்வாறு இருந்துவிட முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் தமிழகத்தின் வரலாறு ஆழமாகப் பேசுகிறது.

பெரியம்மையைத் தடுக்கப் பசுவம்மையிலிருந்து எடுக்கப்பட்ட நிணநீரே தமிழில் அம்மைப்பால் எனப்பட்டது. எட்வர்ட் ஜென்னர் 1796இல் இங்கிலாந்தில் கண்டறிந்த இம்முறை, பாக்தாத், பாஸ்ரா வழியாக 1802இல் கப்பலில் மும்பை வந்து சேர்ந்தது. வெயிலில் அந்நீர் கெட்டுவிடும் என்பதால், ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி ஏற்றி, கையிலிருந்து கைக்கு அதை உயிரோடு கொண்டுவந்தனர். கடல் கடப்பவர்களைக் காக்க வந்த மருந்து தானும் கடல் கடந்தே வந்தது என்பதை நேயர்கள் சற்று எண்ணிப்பார்க்கலாம். பின்னர்க் கன்றுகளின் தோலில் அதை வளர்த்தெடுக்கும் முறை வந்தது. சென்னை கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிலையம் தொடக்கத்தில் அம்மைப்பால் தயாரிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தது.

அக்காலத்துச் சிற்றூர்களில் பெரியம்மை நோயாகப் பார்க்கப்படவில்லை. மாரியம்மன் வீட்டுக்கு வந்திருப்பதாகக் கொண்டு, வாசலில் வேப்பிலை செருகி, வெளியாரை உள்ளே விடாமல் காத்தனர். எனவே அம்மை குத்துபவர் ஊருக்குள் வருகிறார் என்றால் குழந்தைகளை மறைத்துவைத்த வீடுகள் உண்டு. இதை அறியாமை என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது முறையன்று. அம்மையின் பேரால் அந்த வீடு தனித்திருந்ததும், வேப்பிலையும் தூய்மையும் பேணப்பட்டதும், நோய் பரவாமல் தடுக்க மக்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கு என்றே கொள்ள வேண்டும்.

இத்தகைய ஊர்களிலிருந்துதான் இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆட்கள் சென்றனர். திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில், ஆள் சேர்த்து அழைத்துச் செல்லும் கங்காணியின் பின்னே குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், இவர்களுடைய வழி மண்டபம் ஆயிற்று. இராமேசுவரம் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபத்தில், இந்திய மண்ணிலேயே இலங்கை அரசுக்காக ஒரு தொற்றுத் தடுப்பு முகாம் இயங்கியது. தொற்றுத் தடுப்புக் காவல் என்பது, நோய் வெளிப்பட எடுக்கும் நாட்கள் கழியும்வரை பயணியைத் தனியே நிறுத்தி வைத்துக் கவனிப்பதாகும். தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர் அங்கே சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, உடல் ஆய்வு செய்யப்பட்டு, உடைகள் ஆவியில் வேகவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். மேல்வகுப்புப் பயணிகளுக்குக் கிடைத்த சலுகைகள் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மலாயா சென்றவர்களுக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இதுபோன்ற முகாம்கள் இருந்தன. அக்கரையிலும் பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவும், சிங்கப்பூருக்கு அருகே செயின்ட் ஜான்ஸ் தீவும் அவர்களுக்காகக் காத்திருந்தன.

ஊரில் குழந்தையை மறைத்துவைத்த தாய், மண்டபத்தில் கை நீட்டினாள். இதைப் பயணிகள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது பெரும் பிழையாகும். இணங்குதல் வேறு, ஏற்றல் வேறு. வயலும் இல்லை, திரும்பிப் போக வழியும் இல்லை, கங்காணியிடம் பட்ட கடன் கழுத்தைப் பிடிக்கிறது என்னும் நிலையில் நீட்டப்பட்ட கை இணங்கிய கை மட்டுமே. அந்த ஊசி உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை; அது போடப்பட்ட விதம் மானத்தைக் குறைத்தது என்பதும் உண்மை. மண்டபத்தை நினைவுகூரும் எவரும் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 

உண்மையான ஏற்புக்குச் சான்று ஹஜ் பயணிகளிடம் கிடைக்கிறது. 1987 ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவிய பின்னர், அதற்கான தடுப்பூசியைச் சவூதி அரேபியா கட்டாயமாக்கிற்று. மும்பையிலிருந்து கப்பலில் சென்ற காலத்திலும், 1995க்குப் பின் முற்றிலும் வானூர்தியில் செல்லும் இக்காலத்திலும், பயணிகள் புறப்படுமுன் சொந்த மாவட்டத்திலேயே, தங்களுக்குத் தெரிந்த மருத்துவமனையில், உறவினர் உடனிருக்க ஊசி போட்டுக்கொள்கின்றனர். விதி முன்கூட்டியே தெரிகிறது, செல்வந்தருக்கும் ஏழைக்கும் அது ஒன்றே, காரணமும் விளக்கப்படுகிறது.

விதி நீடிக்க வேண்டுமாயின் அது பயன் தர வேண்டும் என்பதும் இங்கே சேர்த்தெண்ணத் தக்கது. வாந்திபேதி எனப்படும் காலராவுக்கான ஊசிச் சான்று, நோய் நாடு விட்டு நாடு பரவுவதைத் தடுக்கவில்லை என்று தெரிந்ததும், 1973இல் உலக சுகாதாரப் பேரவை அதைக் கேட்கும் விதியையே நீக்கியது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்ட பின்னர் அதற்கான சான்றும் வழக்கொழிந்தது. தேவை தீர்ந்ததும் விதியைக் கைவிடும் நேர்மையே அடுத்த விதிக்கு நம்பிக்கையைப் பெற்றுத் தருகிறது.

கொரோனாக் காலத்தில் அந்த நம்பிக்கை தமிழகத்தில் ஆட்டம் கண்டது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, இரு நாட்களில் மாரடைப்பால் மறைந்தபோது, ஊசியே காரணம் என்னும் பேச்சு பரவிற்று. அவருடைய மறைவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு பின்னர்த் தெரிவித்தது. சாலை எட்டாத கல்வராயன் மலைச் சிற்றூர்களில் அத்தகைய அச்சத்தைப் போக்க ஆணையால் இயலாது. அங்குள்ளோர் நன்கறிந்த கிராம சுகாதாரச் செவிலியர் திண்ணையில் அமர்ந்து கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்னால் இயலும். உச்ச நீதிமன்றமும் 2022 மே 2 அன்று, எவரையும் வலிந்து ஊசி போட்டுக்கொள்ளச் செய்ய இயலாது என்றும், பொது நலன் கருதி அளவோடு கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. கப்பல் நிறுவனம் சான்று கேட்பதும் இந்த அளவுக்கு உட்பட்டிருப்பின் நியாயமானதே.

நேரம் குறுகிவிட்டது, மஞ்சள் காய்ச்சலைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள பல நாடுகளுக்குப் பணிக்கோ கப்பல் வேலைக்கோ செல்வோர், கிண்டி கிங் நிலையம், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் அதற்கான ஊசியைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் அட்டை எனப்படும் சான்றைப் பெற வேண்டும். அந்தச் சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே செல்லும், அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆதலால் உளுந்தூர்பேட்டையிலிருந்து புறப்படுபவர் முதல்நாள் இரவுப் பேருந்து ஏறிச் சென்று அதைப் பெற்றுவிட இயலாது. நாட்களை முன்னதாக எண்ணிக்கொள்வது அவசியம். வீட்டில் மேற்கையில் அம்மை குத்திய வட்டத் தழும்போடு ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பின், அது எங்கே, யாரால், எப்படிக் குத்தப்பட்டது என்று இன்றே கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.